ஆப்ல 500 ரூபா இருந்துச்சு, கார்டுல இல்ல: சிங்காரச் சென்னை கார்டு வாங்கின கதை

மொதல்ல என் ரூட்ட சொல்லிடறேன், அப்பதான் மத்தது புரியும். சேலையூர்ல இருந்து தாம்பரத்துக்கு பஸ், தாம்பரத்துல இருந்து கிண்டிக்கு எலக்ட்ரிக் ட்ரெயின், கிண்டியில எறங்கி அந்தப் பக்கம் ஏறிப் போய் மெட்ரோ, ஆயிரம் விளக்குல ஆபீஸ். வண்டி மூணு, காசு குடுக்கறதும் மூணு விதம். பஸ்சுக்கு சில்லறை, ட்ரெயினுக்கு சீசன், மெட்ரோவுக்கு அவங்களோட பழைய ட்ராவல் கார்டு. நாலஞ்சு வருஷமா இப்படியேதான் ஓடிட்டு இருந்துச்சு, இதுல பஸ்தான் ரொம்ப படுத்தும், டீலக்ஸ்ல குறைஞ்ச டிக்கெட்டே 11 ரூபா, அந்த ஒத்த ரூபாய்க்காக காலங்காத்தால நடக்குற பஞ்சாயத்து இருக்கே, இருபது ரூபா நோட்ட நீட்டினா கண்டக்டர் நம்மள பாக்குற பார்வையிலயே பாதி நாள் போயிடும்.

2025 ஆகஸ்ட்ல இருந்து பழைய மெட்ரோ கார்டுக்கு ரீசார்ஜ் கெடையாது, இனிமே சிங்காரச் சென்னை கார்டுதான்னு சொல்லிட்டாங்க. அந்த கார்டு 2023 ஏப்ரல்லயே வந்ததுதான், நான்தான் இருக்கறதே போதும்னு சோம்பேறித்தனமா விட்டுட்டேன். பழசுல இருந்தத ஓட்டி முடிச்சுட்டு ஒரு நாள் சாயங்காலம் ஸ்டேஷன்லயே போய் புதுசு வாங்கினேன். போன் நம்பர், ஓடிபி, ஐடி நம்பர், அவ்வளவுதான், நின்ன நேரம்தான் ஜாஸ்தி. இது வெறும் மெட்ரோ கார்டு இல்ல, என்சிஎம்சின்னு நாடு முழுக்க ஒரே மாதிரி வேலை செய்யற ரூபே கார்டு, 2019 மார்ச்ல ஆரம்பிச்சு வச்சாங்க, இதே கார்ட வச்சு பெங்களூர் மெட்ரோ, டெல்லி மெட்ரோ கேட்டும் தொறக்கலாம். 2025 ஜனவரியில இருந்து எம்டிசி பஸ்லயும் எடுத்துக்கறாங்க. என்னைய வாங்க வச்சதே அந்த பஸ் சமாச்சாரம்தான்.

ராத்திரி வீட்ல உக்காந்து ஆப்ல 500 ரூபா போட்டேன். அக்கவுண்ட்ல இருந்து காசு போயிடுச்சு, ஆப்லயும் 500ன்னு காட்டுச்சு, நிம்மதியா தூங்கிட்டேன். காலைல கிண்டி கேட்டுல கார்ட வச்சா செவப்பு. தொடச்சுட்டு திரும்ப வச்சேன், திரும்பவும் செவப்பு. பின்னாடி ஆபீஸ் கூட்டம், ஒரு அம்மா "தம்பி, கொஞ்சம் ஓரமா நில்லுப்பா"ன்னு சொல்லிட்டு அவங்க கார்ட வச்சு டிக்குனு போயிட்டாங்க. நான் போன தூக்கிட்டு கவுண்டருக்கு ஓடி, பாருங்க மேடம் காசு இருக்கு இருக்குன்னு ஸ்க்ரீன காட்டறேன். உள்ள இருந்த பொண்ணு சிரிக்கக்கூட இல்ல, ஒரு நாளைக்கு எத்தனை பேர பாக்குறாங்களோ, "சார், அது சர்வர்ல இருக்கு, கார்டுல இன்னும் ஏறல, குடுங்க"ன்னு வாங்கி மெஷின் மேல வச்சாங்க, அஞ்சு செகண்ட், அப்டேட் ஆயிடுச்சுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க.

இது யார் தப்பும் இல்ல, நான்தான் இத ஜிபே மாதிரி நெனச்சுட்டேன். அப்புறம் கொஞ்சம் தோண்டிப் படிச்சேன். இந்த கார்டுல காசு சிப்புக்குள்ளயே இருக்கு, அதிகபட்சம் 2000 ரூபா. கேட்டுல கார்ட வச்ச ஒரு நொடிக்குள்ள கதவு தொறக்கணும், ஒவ்வொரு ஆளுக்கும் பேங்க் சர்வர கேட்டுட்டு இருந்தா கிண்டியில காலைல க்யூ ரோடு வரைக்கும் நிக்கும், சுரங்க ஸ்டேஷன்ல சிக்னல் இருக்கும்னு நம்ப முடியாது, ஓடுற பஸ்ல கேக்கவே வேணாம். அதனால ரீடர் சிப்புல இருந்தே காசக் கழிச்சுட்டு கதவத் தொறந்துடும், பேங்க்கோட கணக்கு பாக்கறதெல்லாம் அப்புறமா. பர்ஸ்ல இருக்குற நோட்டு மாதிரின்னு வச்சுக்கங்க. ஆன்லைன்ல காசு போட்டா அது பேங்க் வரைக்கும்தான் வந்திருக்கு, பர்ஸ்க்குள்ள எடுத்து வைக்க ஒரு தடவை மெஷின்ல கார்ட வச்சே ஆகணும். நோட்டு மாதிரிங்கறதால இன்னொரு சிக்கலும் இருக்கு, கார்டு தொலஞ்சா பிளாக் பண்ணலாம், ஆனா சிப்புல ஏத்தின காசு போனது போனதுதான். அதனால நான் 2000 ரூபாய மொத்தமா ஏத்தவே மாட்டேன், முந்நூறு முந்நூறா போட்டுக்குவேன்.

அந்த சிப்புக்குள்ள பொது பர்ஸ் போக, ஒவ்வொரு போக்குவரத்து நிறுவனமும் அவங்க பாஸ வச்சுக்க தனித்தனி அறையும் இருக்காம். எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான், ஒரே கார்டுல ஒரு ஊர் மெட்ரோ பாஸும் இன்னொரு ஊர் பஸ் பாஸும் ஒண்ண ஒண்ணு இடிக்காம குடித்தனம் பண்ணலாம்.

பஸ்ல மொத நாள் கார்ட நீட்டினப்ப கண்டக்டர் அவர் மெஷின்ல ஸ்டேஜ அமுக்கிட்டு என்கிட்ட காட்டினாரு, நான் பர்ஸோட சேத்து அப்படியே மேல வச்சேன். எடுக்கல. "பர்ஸ எதுக்குங்க காட்டுறீங்க, கார்ட எடுங்க"ன்னாரு. பாத்தா பர்ஸ்ல டெபிட் கார்டும் டேப் பண்ற வகைதான், ரெண்டும் ஒரே நேரத்துல பேசினா ரீடர் யார கேக்கும்? இப்ப இத மட்டும் தனியா ஐடி கார்டு கவருக்குள்ள சொருகி கழுத்துல மாட்டிக்கறேன். 11 ரூபான்னா 11 ரூபா, டிக்கெட் கிழிச்சு குடுத்துட்டு அவர் பாட்டுக்கு அடுத்த ஆள்கிட்ட போயிட்டாரு, அந்த ஒத்த ரூபா பஞ்சாயத்து இல்லாத காலை எப்படி இருக்கும்னு அன்னைக்குதான் தெரிஞ்சுது. மெட்ரோவுல கார்டுக்கு 20 சதவீதம் தள்ளுபடி வேற, 50 ரூபா டிக்கெட் 40 தான்.

நடுவுல இருக்குற ட்ரெயின்தான் ஒட்டாம நிக்குது. எலக்ட்ரிக் ட்ரெயின் ஸ்டேஷன்ல கேட்டே கெடையாது, கார்ட எங்க வைக்கிறது? டிக்கெட் இருக்கான்னு டிடிஆர் வந்து கேட்டாதான் உண்டு. அதனால சீசன் டிக்கெட் இன்னும் என் பர்ஸ்லதான் இருக்கு, அத நான் விடவும் மாட்டேன், தினமும் போறவனுக்கு அத விட சீப்பா எதுவும் கெடைக்காது. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி சென்னை ஒன் ஆப் வந்துச்சு, கும்டான்னு சென்னை போக்குவரத்த எல்லாம் ஒருங்கிணைக்கற அரசு அமைப்பு கொண்டு வந்தது, பஸ், மெட்ரோ, ட்ரெயின் மூணுக்கும் ஒரே க்யூஆர், ஆட்டோ கேப் கூட அதுலயே பிடிக்கலாம். கேட்டு இல்லாத ட்ரெயினுக்கு க்யூஆர்தான் சரியான வழின்னு எனக்கு தோணுது. கும்டாவுக்கு சட்டம் போட்டது 2010ல, ஆப் வந்தது 2025ல, ஆனாலும் வந்துடுச்சே. வழக்கமா போற ரூட்டுக்கு நான் கார்டு, சீசன், தெரியாத எடத்துக்கு போனா மட்டும் ஆப்.

பெருமையா அம்மாவுக்கும் ஒரு கார்டு வாங்கிக் குடுத்தேன், ஆப் எல்லாம் அவங்களுக்கு ஒத்து வராது. அம்மா திருப்பித் திருப்பி பாத்துட்டு, "சாதா பஸ்ல எனக்கு ஃப்ரீ டிக்கெட்டுடா, இத வச்சு நான் என்ன பண்றது?"ன்னாங்க. எனக்கு பதில் இல்ல. போன வாரம் மட்டும் வடபழனி கோயிலுக்கு மெட்ரோவுல போயிட்டு வந்திருக்காங்க, கேட்டுல பச்ச லைட்டு எரிஞ்சத பக்கத்து வீட்டு அக்காகிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டாங்க. கார்டு இப்ப ரேஷன் கார்டு கவருக்குள்ள இருக்கு, அதுல மிச்சம் எவ்வளவுன்னு என்கிட்டதான் கேக்கறாங்க.