பர்கர் பேட்டி உடையாம கிரில் பண்றது: அரியர் க்ளியர் பண்ண அனுபவம்

நேத்து சாயங்காலம் ரிசல்ட் வந்துருச்சு. ஃபுட் ப்ரொடக்ஷன் ப்ராக்டிக்கல், அதாவது சமைச்சுக் காட்டற பரிட்சை, அரியர் க்ளியர். ரெண்டாவது அட்டெம்ப்ட். போன ஏப்ரல்ல இதே பேப்பர்ல பெயிலாயி ஒரு வாரம் வீட்ல யார்கிட்டயும் முகம் குடுத்து பேசல, நேத்து மார்க்க பார்த்துட்டு மொட்டமாடிக்கு போய் அழுதுட்டேன். எல்லாம் மனசுல இருக்கும்போதே எழுதிடறேன், ஏன்னா அடுத்த பேட்ச்ல இதே மெனு சீட்டு யாருக்காவது கண்டிப்பா விழும், அவங்க எக்ஸ்டர்னல் (வெளிய இருந்து மார்க் போட வர்ற எக்ஸாமினர்) முன்னாடி நின்னுகிட்டு கறி துண்டு துண்டா நெருப்புக்குள்ள விழுறத பார்க்கக் கூடாது.

இன்டென்ட் (ஸ்டோர்ல கேட்டு வாங்கற சாமான் லிஸ்ட்), ப்ளான் ஆஃப் வொர்க், யூனிஃபார்ம், ஜர்னல் இதெல்லாம் உங்களுக்கே தெரியும். மெயின் கோர்ஸ்ல கிரில்டு ஹாம்பர்கர் வந்தா என்ன பண்ணனும், அது மட்டும் தான் இது.

மொதல்ல நான் எங்க தப்பு பண்ணேன்னு சொல்லிடறேன். எங்க சித்தப்பா ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட் ஹோம்ஸ்டேல சமையல் பார்க்கறாரு. போன பொங்கல் லீவுக்கு மேல போயிருந்தேன். சனிக்கிழமை ராத்திரி கெஸ்ட்டுங்களுக்கு வெளிய கரி அடுப்பு போடுவாங்க, சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல பனி எறங்கிட்டு இருக்கு, சித்தப்பா பேட்டி (பன்னுக்கு நடுவுல வைக்கிற, வட்டமா தட்டின கைமா) அடுக்கின தட்ட என் கைல குடுத்து "நீ போடுடா கண்ணு"ன்னாரு. 16 பேட்டி போட்டேன். ஒன்னு கூட உடையல. கெஸ்ட்டெல்லாம் சூப்பர்னாங்க. எனக்கு கிரில் கை வந்துருச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். எக்ஸாம்ல சீட்டு எடுத்து ஹாம்பர்கர்னு பார்த்ததும் அவ்ளோ சந்தோஷம்.

அந்த மெனு வந்தா இருக்கட்டும்னு மொத நாள் ராத்திரியே ஒரு அமெரிக்க வீடியோ பார்த்து வெச்சிருந்தேன். கறிய பிசையவே கூடாது, லேசா சேர்த்து தட்டணும், உப்பு கிரில்ல போடறதுக்கு முன்னாடி மேல தூவினா போதும்னு சொன்னாங்க. அத அப்படியே செஞ்சேன். கூடவே வீட்டுப் பழக்கத்துல கைமாவ தண்ணில அலசிட்டேன், பச்ச வெங்காயத்த நெறைய வெட்டிப் போட்டேன். பர்னர் அணைஞ்சிரும்னு ஃபேன் போட விடல, ஏப்ரல் மாசத்து சேலம், ஸ்டீல் டேபிளே சுடுது. கம்பி மேல வெச்சு ஒரு நிமிஷம் ஆகல, ஓரம் பிரியுதேன்னு பயந்து கரண்டிய விட்டேன். பாதி கம்பில ஒட்டிக்கிச்சு, பாதி கரில விழுந்து குப்புனு தீ எழும்பிடுச்சு. எக்ஸ்டர்னல் மேடம் "பைண்டிங்கே இல்லயேப்பா"ன்னு மட்டும் சொல்லிட்டு அடுத்த டேபிளுக்கு போயிட்டாங்க.

இதுல எனக்கு ஒரு ஆதங்கம் இன்னும் இருக்கு, சொல்லிடறேன். க்ளாஸ்ல எங்களுக்கு ஒரே ஒரு டெமோ, அதுவும் ரெடிமேட் ஃப்ரோசன் பேட்டிய வெச்சு. மெஷின்ல அழுத்தி கல்லு மாதிரி உறைய வெச்சது கம்பில எப்படி உடையும்? பேட்டி எதனால சேர்ந்து நிக்குதுங்கறத ஒருத்தரும் வாயத் தொறந்து சொல்லல. அது தெரிஞ்சிருந்தா எனக்கு ஆறு மாசம் வீணாயிருக்காது.

பெயிலானப்புறம் சித்தப்பாவுக்கு போன் பண்ணி, அன்னிக்கு கறில என்ன போட்டீங்கன்னு கேட்டேன். முட்டயா, ப்ரெட் தூளான்னு. "ஒன்னும் போடலயே சாமி, காலைல அஞ்சு மணிக்கு உப்ப போட்டு நல்லா பிசைஞ்சு ப்ரிட்ஜ்ல வெச்சேன், நீ அப்ப தூங்கிட்டு இருந்த"ன்னாரு. அவ்ளோ தான் விஷயம். நான் நெருப்புகிட்ட நின்னதையே பெரிய வேலன்னு நெனச்சேன், வேல விடியக்காலமே முடிஞ்சிருக்கு.

அந்த வீடியோல சொன்னதும் தப்பு கிடையாது. அது மாட்டுக்கறிக்கு, 100 கிராமுக்கு 20 கிராம் கொழுப்பு இருக்குற கைமாவுக்கு சொன்னது. அங்க பர்கர்னா உள்ள லூசா உதிரியா இருக்கணும், கடிச்சா கரையணும், அதனால பிசையாதன்னு சொல்றாங்க. அதுக்கு அது சரி. நமக்கு ஸ்டோர்ல குடுக்கறது வெள்ளாட்டு கைமா, கொழுப்பே இருக்காது, அத பிசையாம வெச்சா உதிரத்தான் செய்யும். கறியோட உப்ப சேர்த்து பிசையும்போது மையோசின்னு ஒரு புரோட்டீன் கரைஞ்சு வெளிய வரும், பசை மாதிரி. சூடு பட்டதும் முட்ட வெள்ளக்கரு எறுகுற மாதிரி அது எறுகி எல்லாத்தையும் கட்டிப் புடிச்சுக்கும். உப்பு மேல மட்டும் தூவினா அந்தப் பசை உள்ள வராது. சீக் கபாப் கம்பிய விட்டு விழாம நிக்கறதும் இதால தான்.

இப்ப நான் பண்றது. இத நிதானமா படிங்க, மத்தத வேணா தாண்டிப் போங்க.

ஒரு பெரிய தட்டுல ஐஸ் போட்டு அது மேல அகலமான எவர்சில்வர் பேசின். 400 கிராம் கறி, 100 கிராம் கொழுப்பு, ரெண்டும் சேர்த்து அரைச்சது, ப்ரிட்ஜ்ல இருந்து அப்பத்தான் எடுத்தது. அதுல 8 கிராம் உப்பு, தராசுல நிறுத்து போடுங்க. விரல விரிச்சு ஒரே பக்கமா சுத்தி பிசையணும். மொதல்ல ஈரப் புட்டு மாதிரி உதிரி உதிரியா தான் இருக்கும், கைய எடுத்தா பேசின்ல கொட்டும். ரெண்டு நிமிஷம் தாண்டினதும் விரலுக்கு நடுவுல வெள்ளையா நூல் நூலா இழுக்க ஆரம்பிக்கும், பேசின் ஓரத்துல ஒட்டும், சத்தமே மாறிடும், சளக் சளக்குன்னு வரும். அப்ப எலுமிச்ச சைஸ் எடுத்து உள்ளங்கைல அமுக்கி வெச்சு கைய கவுத்துங்க. பத்து எண்ணுங்க. விழலன்னா ரெடி. விழுந்துச்சுன்னா இன்னும் ஒரு நிமிஷம். ரெடி ஆனப்புறம் பிசையாதீங்க, அதுக்கு மேல போனா ரப்பர் மாதிரி சாசேஜ் பதம் வந்துரும்.

இந்த உள்ளங்கை டெஸ்ட் ஒன்னு தான் என்ன பாஸ் பண்ண வெச்சுது. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம் தான். நான் மே மாசத்துல இருந்து வீட்ல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பண்ணேன், அம்மா ஒரு நாள் பக்கத்துல நின்னு பார்த்துட்டு, "கோலா உருண்டைக்கு நான் இப்படித்தானே பாக்கறேன், உருண்ட கைல ஒட்டலன்னா எண்ணெய்ல பிரிஞ்சிரும்"னாங்க. இருபது வருஷமா எங்க வீட்டு அடுப்படிலயே இருந்திருக்கு.

ஐஸ் எதுக்குன்னா, கொழுப்பு கை சூட்டுலயே உருகும், உருகினா பசைக்கு நடுவுல வழுக்கிட்டு நிக்கும், ஒட்ட விடாது. கை எண்ணெய் பூசின மாதிரி பளபளன்னு ஆச்சுன்னா உடனே நிறுத்தி பேசினோட ப்ரிட்ஜ்ல கால் மணி நேரம் வெச்சிருங்க. ஏற்காட்டுல ஜனவரில ஐஸே தேவப்படாது, கீழ சேலத்துல அது இல்லாம ஆகாது. நான் ரெண்டாவது தடவ எழுதினது நவம்பர், அப்பவே ஐஸ் கேட்டு வாங்கினேன். ஏப்ரல்ல எழுதுறவங்க இன்டென்ட்லயே ஐஸ் எழுதிடுங்க.

கறி பத்தி:
- அரைச்ச கைமாவ அலசாதீங்க. அலசணும்னா முழுக்கறியா இருக்கும்போது அலசி, தண்ணி வடிச்சு, துணியால ஒத்தி எடுத்துட்டு அரைங்க.
- வீட்ல ப்ராக்டிஸுக்கு வாங்கினா முன்சப்பை கேளுங்க, கொழுப்ப தனியா கேட்டு வாங்கி சேர்த்து அரைக்கச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை காலைல கறிக்கடை கூட்டத்துல இதெல்லாம் கேட்டா கடைக்காரருக்கு பொறுமை இருக்காது, சனிக்கிழமை சாயங்காலமே சொல்லி வெச்சிருங்க.
- வெங்காயம் பொடியா நறுக்கி வதக்கி, முழுசா ஆறினப்புறம் போடுங்க. பச்சயா போட்டா உப்பு அதுல இருக்குற தண்ணிய இழுத்து வெளிய விட்டுரும், அந்த எடத்துல தான் பேட்டி வெடிக்கும்.
- மிளகு, பூண்டு எல்லாம் பிசைஞ்சு முடியற கடசில.
- சிக்கன்னா நெஞ்சுக்கறி மட்டும் வேண்டாம், காய்ஞ்சு போகும். தொடையும் சேருங்க.

முட்ட, ப்ரெட் தூள், பொட்டுக்கடல மாவு போடலாமான்னு கேப்பீங்க. போடலாம், கட்டும். பாஸ் ஆகணும்னு பயம் இருந்தா அர கிலோவுக்கு ரெண்டு ஸ்பூன் பொட்டுக்கடல மாவு போட்டுக்கோங்க, யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. ஆனா எனக்கு அது புடிக்கல. மாவு போட்டா கட்லெட் வாசம் வந்துருது, கறி வாசம் பின்னாடி போயிருது. கை ஒழுங்கா பிசைஞ்சா மாவுக்கு வேலையே இல்ல.

தட்டறது: ஒன்னு 125 கிராம், அர கிலோல நாலு வரும். 2 செ.மீ. கனம், பன்ன விட ஒரு விரல் அகலமா, ஏன்னா வேகும்போது சுருங்கும். ஓரத்துல விரிசல் இருந்தா ஈர விரலால தடவி மூடுங்க, கிரில்ல ஒடையறது அந்த விரிசல்ல இருந்து தான் ஆரம்பிக்கும். நடுவுல கட்ட விரலால ஒரு குழி. ஓரம் சுருங்கி இழுக்கும்போது நடு உப்பிரும், குழி இருந்தா சமமா நிக்கும், இல்லன்னா உப்பினத பார்த்து கரண்டியால அமுக்குவோம், சாறெல்லாம் நெருப்புக்கு போயிரும். பட்டர் பேப்பர் மேல வெச்சு அர மணி நேரம் ப்ரிட்ஜ்.

நெருப்பு. கரி கறுப்பா இருக்கும்போது போடாதீங்க, மேல சாம்பல் வெள்ளையா பூக்கணும். கரிய ஒரு பக்கமா ஒதுக்குங்க, இன்னொரு பக்கம் காலியா இருக்கட்டும், கொழுப்பு சொட்டி தீ எழும்பினா பேட்டிய அந்தப் பக்கம் நகத்திக்கலாம். கம்பிக்கு மேல ஒரு சாண் ஒசரத்துல கைய புடிச்சா மூணு நாலு எண்ணுறதுக்குள்ள கைய எடுக்கத் தோணணும், அது தான் சூடு. தோசக்கல்லுக்கு தேய்க்கிற மாதிரி பாதி வெங்காயத்த முள் கரண்டில குத்தி எண்ணெய்ல தொட்டு கம்பிய தேய்ச்சு விடுங்க.

வெச்சப்புறம் நாலு நிமிஷம் தொடாதீங்க. எனக்கு இது தான் ரொம்ப கஷ்டம், என் கை சும்மா இருக்காது, அதனால ரெண்டாவது அட்டெம்ப்ட்ல கரண்டிய டேபிளுக்கு அந்தப் பக்கம் வெச்சுட்டு பன்னுக்கு வெண்ணெய் தடவிட்டு இருந்தேன். மொறுமொறுன்னு தோசை எப்படி வெந்ததும் கல்ல விட்டு ஓரம் தூக்குதோ அதே தான், அடி செவந்தா கறி கம்பிய விட்ரும். கரண்டிய விட்டு லேசா அசைச்சு பாருங்க, ஒட்டினா இன்னும் அர நிமிஷம். ஒரே ஒரு தடவ திருப்பறது. அந்தப் பக்கமும் மூணு நாலு நிமிஷம்.

தெர்மாமீட்டர பக்கவாட்டுல நடு வரைக்கும் குத்துங்க. ஆடு, மாடு 71 டிகிரி செல்சியஸ், சிக்கன் 74. எடுத்து மூணு நிமிஷம் சும்மா வெச்சிருந்து அப்புறம் பன்னுல வைங்க, உடனே வெச்சா அடி பன் நனைஞ்சு ப்ளேட்டுக்கு போறதுக்குள்ள பிஞ்சிரும்.

வைவால (வாயால கேள்வி கேக்கறது) என்கிட்டயும் என் செட்ல மத்தவங்ககிட்டயும் கேட்டது:
- ஹாம்பர்கர்ல ஹாம் இருக்கா? இல்ல. ஜெர்மனில இருக்குற ஹாம்பர்க் ஊர் பேரு.
- ஸ்டேக் உள்ள செவப்பா பரிமாறலாம், பர்கர் ஏன் கூடாது? முழுக்கறில கிருமி மேல்பக்கம் தான் இருக்கும், சூடு பட்டா போயிரும். அரைக்கும்போது மேல இருந்தது எல்லாம் உள்ள கலந்துரும், அதனால நடு வரைக்கும் வேகணும்.
- மேல செவந்து வர்றதுக்கு என்ன பேரு? மெய்லார்ட் ரியாக்ஷன்.
- மொத பர்கர் செயின்? வொயிட் காசில், 1921, அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலம்.
- மாட்டுக்கறி இல்லாம பர்கரான்னு ஒரு பொண்ண கேட்டாங்க. மெக்டொனால்ட்ஸ் 1996ல இந்தியாவுக்கு வரும்போதே மாட்டுக்கறி இல்லாத மெனுவோட தான் வந்துச்சுன்னு அவ சொன்னா, மேடமுக்கு ரொம்ப புடிச்சுப் போச்சு.

என்கிட்ட மேடம் கடசியா கேட்டது, பைண்டர் என்ன போட்டன்னு. போன தடவ வந்த அதே மேடம், என்ன அவங்களுக்கு ஞாபகம் இருந்துச்சான்னு தெரியல. உப்பு மட்டும் தான் மேடம்னேன். நம்பாத மாதிரி பார்த்தாங்க. பேசின்ல ஒரு உருண்ட மிச்சம் இருந்துச்சு, உள்ளங்கைல அமுக்கி அவங்க முன்னாடியே கவுத்துக் காட்டினேன். அவங்க பத்துக்கு மேலயும் நின்னு பார்த்தாங்க. விழல.