முதுகின்மேல் ஓடும் ரயில்: மிஷன் வட்டாரத்துச் சுவர்களில் ஒரு நாள்

சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் மிஷன் வட்டாரத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பலரும் அங்குள்ள சுவரோவியங்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நானும் அதற்காகவே போனேன். ஆனால் என் மனத்தில் இருந்தது அவற்றில் ஒரு வகை மட்டும்: மக்கள் கட்டிய வரிப்பணம் எதற்குச் செலவாகிறது, எதற்குச் செலவாகாமல் போகிறது என்று அரசாங்கத்தைக் கேட்கும் ஓவியங்கள். அப்படிப்பட்ட ஓவியங்கள் அந்தத் தெருக்களில் ஐம்பது ஆண்டுகளாக வரையப்பட்டு வருகின்றன. ஒரு முழுப் பகலை அதற்கென்றே ஒதுக்கிக்கொண்டு, காலை எட்டு மணிவாக்கில் 24ஆம் தெரு நிலையத்தில், நகரத்தையும் அதன் புறநகர்களையும் இணைக்கும் பார்ட் ரயிலை விட்டு இறங்கினேன்.

படியேறி வெளியே வந்தால் ஒரு சதுக்கம். வேலைக்குப் போகிறவர்கள் என்னைக் கடந்து கீழே விரைந்துகொண்டிருந்தார்கள். சதுக்கத்தை ஒட்டிய கட்டிடத்தின் பக்கச் சுவரை நிமிர்ந்து பார்த்தேன். நான் சற்று முன் இறங்கிய அதே ரயில் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளி நிறத்தில் நீண்ட பெட்டிகள், அவற்றுக்குக் கீழே தண்டவாளம், தண்டவாளத்தைத் தாங்கும் தூண்களின் வரிசை. கிட்டே போகப் போகத்தான் அந்தத் தூண்களிலிருந்து தோள்களும் கைகளும் பிரிந்து தெரிந்தன. மனிதர்கள் குனிந்து நிற்கிறார்கள், அவர்களுடைய முதுகின்மேல் ரயில் போகிறது. மைக்கேல் ரியோஸ், ஆன்டனி மச்சாடோ, ரிச்சர்ட் மான்டெஸ் ஆகிய மூவரும் 1975இல் வரைந்த ஓவியம் இது. என்ன சொல்ல வருகிறது என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவரின் மகன், ஆறு வயது இருக்கலாம், சுவரைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு கணம் முதுகை வளைத்துக் காட்டினான்.

பார்ட் ரயில் திட்டத்தின் கணக்கைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்த முதுகுகளின்மேல் இருக்கும் சுமை இன்னும் தெளிவாகப் புரிகிறது. 1962 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ, அலமீடா, கான்ட்ரா கோஸ்டா ஆகிய மூன்று மாவட்டங்களின் வாக்காளர்கள், இந்த ரயிலுக்காக 79 கோடியே 20 லட்சம் டாலர் மதிப்புள்ள கடன் பத்திரங்களை வெளியிட ஒப்புதல் அளித்தார்கள். 60 சதவிகித ஆதரவு தேவைப்பட்டது, 61.2 சதவிகிதம் கிடைத்தது. அந்தக் கடனைச் சொத்து வரியிலிருந்து அடைப்பது என்பது ஏற்பாடு. வாடகைக் குடித்தனக்காரர் சொத்து வரி கட்டுவதில்லை என்று ஏட்டில் சொல்லலாம். வீட்டுக்காரர் அதை வாடகையில் ஏற்றிவிடுவார் என்பது வாடகைக்கு இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். போட்ட கணக்குப் போதாமல் போனபோது, 1969இல் மாநிலச் சட்டமன்றம் ஒவ்வொரு டாலருக்கும் அரை சென்ட் விற்பனை வரி விதிக்க அனுமதித்தது. ஆக, ஒரு ஜோடிச் செருப்பு வாங்கியவர்கூட இந்த ரயிலுக்குப் பணம் கொடுத்திருக்கிறார். மறுபுறம், ரயிலின் முதல் நோக்கமோ புறநகர்களில் குடியிருந்தவர்களை நகர மையத்து அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சுரங்கப்பாதைக்காக மிஷன் தெருவைத் தோண்டிப் போட்ட காலத்தில் அங்கே கடை வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தோண்டலோடு இன்னொரு பயமும் சேர்ந்து வந்தது. நிலையம் வந்தால் நிலத்தின் விலை ஏறும், விலை ஏறினால் மறுசீரமைப்பு என்ற பெயரில் வீடுகளை இடிப்பார்கள் என்று குடியிருப்பவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இருந்தது. ஏனெனில், அதே நகரத்தின் ஃபில்மோர் பகுதியில் ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் அந்தப் பெயரில்தான் வெளியேற்றப்பட்டன. மிஷன் மக்கள் தேவாலயங்களையும் தொழிற்சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு அமைப்பாகத் திரண்டு, 1966இல் நகர மன்றத்தில் அந்த மறுசீரமைப்புத் திட்டத்தைத் தோற்கடித்தார்கள். நிலையம் 1973இல் திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் சுவரில் இந்த ஓவியம் வந்துவிட்டது.

ரயிலே வேண்டாம் என்று அந்த ஓவியர்கள் சொன்னதாக நான் நினைக்கவில்லை. இன்று விடியற்காலை ரயில்களில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யவும் உணவகங்களில் சமைக்கவும் போகிறவர்களில் இந்த வட்டாரத்து மக்களும் உண்டு. ரயில் அவர்களுக்கும் பயன்படுகிறது. ஓவியம் கேட்பது சுமையைப் பகிர்ந்துகொள்வதைப் பற்றி. யார் தலையில் எவ்வளவு என்று பேசாமலே பெரிய பொதுத் திட்டங்கள் முடிவாகிவிடுகின்றன என்பதுதான் அதன் வருத்தம். எனக்கு அது நியாயமான வருத்தமாகவே படுகிறது.

அங்கிருந்து 24ஆம் தெருவில் கிழக்கே கால்மணி நேரம் நடந்தால் பால்மி சந்து வரும். வழியெல்லாம் ரொட்டிக் கடைகள், காய்கறிக் கடைகள், ஸ்பானிய மொழிப் பெயர்ப்பலகைகள். சந்து மிகச் சிறியது. வீடுகளின் பின்புறம் அது. அங்கே ஓவியம் வரையக் கிடைப்பவை மர வேலிகளும் கார் நிறுத்தும் கொட்டகைகளின் கதவுகளும்தான். 1970களின் தொடக்கத்தில் பட்ரிசியா ரோட்ரிகஸ், கிராசியேலா கரியோ போன்ற பெண் ஓவியர்கள் இங்கே வரையத் தொடங்கினார்கள். ஆனால் சந்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது 1984. ரே பாட்லான் என்ற ஓவியர் முன்னின்று திரட்டிய 'பிளாக்கா' என்னும் குழு, மத்திய அமெரிக்க நாடுகளின் போர்களில் அமெரிக்கா தலையிடுவதைக் கண்டித்தும் அந்த மக்களின் பண்பாட்டைப் போற்றியும் இந்த ஒரே சந்தில் 27 ஓவியங்களை வரைந்தது.

இதை வெளியுறவுக் கொள்கை பற்றிய ஓவியத் தொகுதி என்று வகைப்படுத்திவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அது பணத்தைப் பற்றிய வாதமாகவும் தெரிந்தது. 1980களின் நடுவில் எல் சால்வடோர் அரசுக்கு அமெரிக்கா அளித்த உதவி, ராணுவத்துக்கும் பொருளாதாரத்துக்குமாகச் சேர்த்து, சராசரியாக நாளொன்றுக்கு 10 லட்சம் டாலரைத் தாண்டியது. 1992இல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை அந்த நாட்டில் நடந்த உள்நாட்டுப் போரில் ஏறத்தாழ 75,000 பேர் இறந்தார்கள். உயிர் பிழைத்து ஓடிவந்தவர்களில் பலர் குடியேறியது இதே மிஷன் தெருக்களில். இங்கே அவர்கள் வேலை செய்து வரி கட்டினார்கள். அந்த வரி சேர்ந்த கஜானாவிலிருந்துதான் அவர்கள் ஊரின்மேல் பறந்த ஹெலிகாப்டர்களுக்கும் பணம் போனது. இதை நினைத்தபடி அந்த வேலிகளுக்கு முன் நிற்பது எளிதாக இல்லை.

அந்த 1984ஆம் ஆண்டுத் தொகுதியில் இன்றும் நிலைத்திருப்பவற்றில் ஒன்று, மிராண்டா பெர்க்மனும் ஓ'பிரையன் தீலும் வரைந்தது. விடுதலையின் மலராக விரியப்போகும் எதிர்ப்பின் விதை பண்பாட்டுக்குள் இருக்கிறது என்பது அதன் நீண்ட பெயரின் பொருள். நான் நெடுநேரம் நின்றது அதன் முன்னால்தான். வேறொரு கதவின் ஓவியத்தில் கைப்பிடியைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு வண்ணம் தேய்ந்து பழைய மரம் தெரிந்தது. வேலிப் பலகைகளில் ஆணித் தலைகள் துருவேறி, வரைந்த வானத்தில் பழுப்புக் கோடுகளாக வழிந்திருந்தன. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே இரண்டு வீடு தள்ளி ஒரு கதவு மேலே எழுந்தது. அதில் இருந்த முகம் மெல்லச் சாய்ந்து கொட்டகையின் கூரைக்குள் போய்விட, உள்ளிருந்து கார் வெளியே வந்தது, கதவு இறங்கியதும் முகம் மறுபடி தெருவைப் பார்த்தது. காரை ஓட்டிய அம்மாள் கண்ணாடியை இறக்கி, வழிமறித்து நின்ற எனக்கு ஒரு புன்னகையைத் தந்துவிட்டுப் போனார். ஓவியத்தோடு குடித்தனம் நடத்துவது என்றால் என்னவென்று அன்று பார்த்தேன்.

இந்த ஓவியங்களுக்குப் பணம் கொடுத்தது யார் என்ற கேள்வியையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். 1973இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய, சீட்டா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட வேலைவாய்ப்புப் பயிற்சிச் சட்டத்தின் நிதியை, ஓவியர்களையும் நடிகர்களையும் சம்பளத்துக்கு அமர்த்த முதன்முதலில் பயன்படுத்திய நகரம் சான் பிரான்சிஸ்கோ. அந்தப் பத்தாண்டில் அரசாங்கத்தை விமரிசிக்கும் கைகளுக்கும் அரசாங்கப் பணம் கொஞ்சம் வந்தது. பொதுப்பணத்தின் மிக நல்ல செலவுகளில் ஒன்றாக அதை நான் கருதுகிறேன். 1978இல் கலிபோர்னியா வாக்காளர்கள் 13ஆம் முன்மொழிவு என்ற பொது வாக்கெடுப்பின் மூலம் சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்தார்கள். பள்ளிகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் வருமானம் சுருங்கியது. 1982இல் சீட்டா திட்டமும் முடிவுக்கு வந்தது. இவற்றுக்கெல்லாம் பிறகு, கைக்காசும் நன்கொடையும் கொண்டு வரையப்பட்டவைதான் பால்மி சந்தின் போர் எதிர்ப்பு ஓவியங்களில் பலவும்.

பிற்பகலில் கிளாரியன் சந்துக்குப் போனேன். மிஷன் தெருவுக்கும் வலென்சியா தெருவுக்கும் இடையில், 17ஆம் தெருவை ஒட்டி ஓடும் இந்தச் சந்தில், பால்மி சந்தைப் பார்த்து ஊக்கம் பெற்ற ஓவியர்கள் 1992இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். சில எட்டுகளில் காவல் நிலையம். இங்கே பேச்சு நேரடியானது. பணக்காரர்களுக்கு வரி போடு என்று மேகன் வில்சன் தமக்கே உரிய பளிச்சென்ற பூக்களுக்கு நடுவே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார். வீட்டை விட்டு வெளியேற்றப்படுவது, வாடகை, காவல்துறை என்று சுவருக்குச் சுவர் வாதம் தொடர்கிறது. வாசகங்கள் சொல்வதோடு பெரும்பாலும் நான் உடன்படுகிறேன். ஆனாலும் அவற்றைப் படித்து முடித்ததும் கால் அடுத்த சுவருக்கு நகர்ந்துவிட்டது. காலையில் பார்த்த குனிந்த முதுகுகள் மட்டும் நாள் முழுவதும் கூடவே வந்தன. செலவுக் கணக்கை எண்ணாகச் சொல்லலாம், வாசகமாகவும் சொல்லலாம். அதைச் சுமக்கும் உடம்பைக் காட்டும்போது அது வேறு விதமாக நெஞ்சில் தைக்கிறது.

இங்கே தங்குகிற பயணிகளும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் விடுதி அறைக்கு 14 சதவிகித வரி உண்டு. அதில் ஒரு பங்கைக் கலைகளுக்கும் பண்பாட்டு வட்டாரங்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று 2018 நவம்பரில் நகர வாக்காளர்கள் பெரும்பான்மையாக முடிவு செய்தார்கள். நான் நடந்துவந்த 24ஆம் தெருவும் 2014 முதல் லத்தீன் பண்பாட்டு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. ரசீதில் அந்த வரியைப் பார்த்தபோது மனம் கோணவில்லை. எதற்குப் போகிறது என்று தெரிந்து கொடுக்கும் வரி அது.

மாலையில் மறுபடி 24ஆம் தெரு நிலையத்துக்கு வந்தேன். சதுக்கத்தில் நடைபாதை வியாபாரிகள் துணி விரித்துப் பொருள்களை அடுக்கியிருந்தார்கள். எதிர்க் கட்டிடங்களின் நிழல் சுவரில் பாதிவரை ஏறியிருந்தது. ரயில் வெயிலில் மின்னியது, அதைச் சுமப்பவர்கள் நிழலுக்குள் இருந்தார்கள். அடுத்த வண்டிக்கு நான்கு நிமிடம் இருந்தது. நிழல் தண்டவாளத்தைத் தொடும்வரை அங்கேயே நின்றுவிட்டு, அதற்கடுத்த வண்டியில் கிளம்பினேன்.