கரையும் வேகமும் ஆறும் வேகமும்

தோள்பட்டைத் தசைநாண் கிழிசல்களைத் தைத்துவரும் எனக்கு, நூல் அறுவதைவிட, அறுபடாத நூல் நைந்துபோன தசைநாணைக் கிழித்துக்கொண்டு வந்துவிடுவதே பெருங்கவலை. மறுகிழிசல் பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள் நேர்கிறது. அந்தக் காலத்தைக் கடப்பதற்காகவே, தைத்த இடத்தின் மேல் உடலில் கரையும் பொருளொன்றை ஒட்டாகப் போர்த்திப் பாரத்தைப் பகிரச் செய்யும் முறை வந்தது.

புதிய ஒட்டு எதுவானாலும் அது முதல் நாளில் தாங்கும் இழுவிசையைத்தான் முதலில் சொல்கிறார்கள். மூன்றாம் மாதத்தில் அந்த வலுவில் எவ்வளவு மிஞ்சும் என்பதே நான் கேட்கும் கேள்வி. பாலிகிளாக்டின் என்ற கரையும் தையல் நூல் 3 வாரத்தில் ஏறத்தாழப் பாதி வலுவை இழந்துவிடுகிறது. அப்போது தசைநாணில், திசுவின் இழைப் புரதமான கொலாஜனில் ஒழுங்கற்ற மூன்றாம் வகைதான் படிந்துகொண்டிருக்கும், அது உறுதியான முதல் வகைக்கு இடம் விட்டு, இழைகள் இழுவிசையின் திசையில் அடுக்கிக்கொள்ளப் பல மாதங்கள் ஆகும். பாக்டீரியா நொதித்தலில் கிடைக்கும் பாலி-4-ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற கரையும் பொருள் ஏறத்தாழ 12 வாரம் வரை பாதி வலுவைக் காப்பதால், அதன்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

ஆனால் கரைகிறது என்பதாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது. பன்றியின் சிறுகுடல் படலத்திலிருந்து செய்த ஒட்டைப் பெரிய கிழிசல்களில் சோதித்து 2006 இல் வெளியான ஆய்வில், ஒட்டு வைத்த 15 தோள்களில் 4 மட்டுமே ஆறின. வைக்காத 15 இல் 9 ஆறின. அதே ஒட்டால் சிலருக்குக் கடும் அழற்சியும் ஏற்பட்டதாக வேறு மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் வெற்றிக் கதைகளுக்கு முன் இந்த எண்களைத்தான் சொல்கிறேன்.

மாட்டுத் தசைநாணின் கொலாஜனால் ஆன மெல்லிய ஒட்டு வேறு வகை. அது பாரம் தாங்குவதற்கானதே அல்ல. தன்மேல் புதிய திசு வளர இடம் கொடுத்து, ஏறத்தாழ 6 மாதத்தில் மறைந்துவிடுகிறது. இதை வலுவூட்டி என்று நோயாளியிடம் சொல்வது தவறு என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் அதைக் கேட்டவர் கைத்தாங்கியை முன்னதாகவே கழற்றிவிடுவார்.

நீரிழிவு உள்ளவர்களிடமும் புகைபிடிப்பவர்களிடமும் தசைநாண் மெதுவாக ஆறுகிறது, ஒட்டோ அதற்காகக் காத்திருப்பதில்லை. எனவே அவர்களுக்கு நான் ஒட்டின் வலுவைக் கணக்கில் கொள்ளாமல், பளு தூக்கும் பயிற்சியைத் தள்ளிவைத்து, சர்க்கரை அளவையும் தசைநாணின் நிலையையும் பார்த்த பின்பே இயன்முறை மருத்துவருக்கு அடுத்த கட்டத்தை எழுதிக் கொடுக்கிறேன்.