மாவுக்கட்டும் மூன்று காதல்களும்

நவம்பர் 10, திங்கள்

வீட்டில் உட்கார்ந்து இன்றோடு ஆறு நாள். வேளச்சேரி விஜயநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மழைத்தண்ணீருக்கு அடியில் ஒரு பள்ளம் இருந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை, கணுக்காலுக்குத் தெரிந்தது. விரிசல்தான், ஆனால் நான்கு வாரம் மாவுக்கட்டு. ஆடிட்டர் ஆபீசில் லீவு சொல்லியாகிவிட்டது. ஜிஎஸ்டி கணக்குகள் எனக்காக அழப்போவதில்லை.

கல்லூரித் தோழி ஒருத்தி ஸ்டீம் என்ற ஆன்லைன் விளையாட்டுக் கடையில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பரிசாக அனுப்பினாள். கூடவே ஒரு செய்தி: "பதினெட்டு பிளஸ்டி. ஹெட்போன் போட்டுக்கோ."

கதை இதுதான். சின்னத் துறைமுக ஊருக்கு மாற்றலாகி வருகிறாள் ஒரு கால்நடை டாக்டர், வயது 29. அவள்தான் நான். காதலிக்க மூன்று பேர்: படகு ரிப்பேர் செய்பவன், கடலோரத்தில் ஹோட்டல் நடத்துபவன், நூலகத்தில் வேலை பார்க்கும் பெண். படம் நிற்கும், கீழே எழுத்து ஓடும், அவ்வப்போது இரண்டு மூன்று பதில்கள் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விஷுவல் நாவல் என்கிறார்கள்.

பதினெட்டு பிளஸ் என்றதும் முதல் பக்கத்திலேயே ஏதோ வரப்போகிறது என்று கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் ஆட்டுக்கு ஊசி போட்டேன். புதிதாக வருபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். இதில் முக்கால்வாசி படிப்பு. படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது.

நவம்பர் 11, செவ்வாய்

முடித்தேன். தனியாகப் பஸ் ஏறி ஊரை விட்டுப் போய்விட்டேன்.

என்ன தப்பு செய்தேன் என்று புரியவில்லை. எல்லாரிடமும் நன்றாகத்தானே பேசினேன்? படகுக்காரன் மீன் கொடுத்தான், வாங்கிக்கொண்டேன். நூலகத்துப் பெண் நான் படிக்காத புத்தகத்தைப் பற்றிக் கேட்டாள், "அருமையான புத்தகம்" என்றேன். ஹோட்டல்காரன் காபி எப்படி இருக்கிறது என்றான், கழுநீர் மாதிரி இருந்தும் நன்றாக இருக்கிறது என்றேன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்த அதே முகத்தோடு பத்து மணி நேரம் விளையாடியிருக்கிறேன். கடைசியில் மூன்று பேரும் கைகாட்டி வழியனுப்பினார்கள். மரியாதையாகத்தான்.

தோழிக்குப் போன் செய்தேன். சிரித்தாள். "உள்ளே ஒரு லெட்ஜர் ஓடுதுடி. உனக்குத் தெரியாதா?"

நவம்பர் 12, புதன்

லெட்ஜர் என்று சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு பதிலும் யாராவது ஒருவர் கணக்கில் ஒன்றிரண்டு புள்ளியை வரவு வைக்கிறது, அல்லது கழிக்கிறது. நமக்குக் காட்டாது. தொடக்க அத்தியாயங்கள் எல்லாருக்கும் பொது. ஒரு கட்டத்தில் கணக்கை மூடிப் பார்க்கும். யாருடைய கணக்கு வரம்பைத் தாண்டியிருக்கிறதோ, கதை அவர் பக்கம் திரும்பும். அந்தத் தனிப் பாதைக்கு ரூட் என்று பெயர். நான் மூன்று கணக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எதிலும் வரம்பைத் தொடவில்லை. சம்பளத்தை மூன்று சீட்டில் பிரித்துப் போட்டு ஒன்றிலும் தவணை முழுதாகக் கட்டாத மாதிரி.

ஆக முதல் தடவை விளையாடும்போது யாராவது ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போகவேண்டும். இது எல்லா விளையாட்டுக்கும் பொருந்தாது. 1994-ல் கொனாமி நிறுவனம் கொண்டுவந்த டோக்கிமெகி மெமோரியல் என்ற ஜப்பானிய விளையாட்டில் இதற்கு நேர்மாறான தொல்லை. ஒருத்தியையே சுற்றிக்கொண்டு மற்றவளைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அவள் பெயரில் ஒரு குண்டு வந்து உட்காரும். அது வெடித்தால் எல்லாருடைய பிரியமும் சேர்ந்து இறங்கும். (அதே 1994-ல் கோயெய் நிறுவனம் ஆஞ்சலீக் என்று ஒன்றை, பெண்கள் விளையாடவென்றே, வெளியிட்டது. ஆண்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை எங்களுக்குக் கொடுத்த முதல் விளையாட்டு அதுதான் என்கிறார்கள்.)

இரண்டாவது விஷயம் சேவ், அதாவது கதை நிற்கும் கட்டத்தைச் சேமித்துவைப்பது. ஒரே இடத்தில் மேலே மேலே சேவ் செய்துகொண்டிருந்தேன், மகா முட்டாள்தனம். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் புது இடத்தில் ஒன்று வைக்க வேண்டும். எந்த இடம் எதற்கு என்பது மறந்துபோகும், அதனால் எழுதியும் வைக்க வேண்டும். எனக்கு அகப்பட்டது தினசரி காலண்டர் தாள்தான். அத்தை கிழித்து அடுக்கி வைத்திருக்கும் தாள்களின் பின்பக்கம் எழுதுகிறேன். "7 - மீன் வேண்டாம் என்று சொன்னது. 8 - நூலகம் பூட்டும் நேரம்." முன்பக்கம் ராகு காலம் 12 முதல் 1.30 வரை.

நவம்பர் 13, வியாழன்

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், நாலு பேருக்கு உதவும்.

இந்த விளையாட்டு ரென்பை என்ற இலவச மென்பொருளில் செய்தது. டாம் ராத்தமெல் என்பவர் 2004-ல் வெளியிட்டது. ஜப்பானிய மொழியில் காதலுக்கு ரென்ஆய், அதோடு பைத்தான் நிரல்மொழியைச் சேர்த்து ரென்பை. இந்த வகை விளையாட்டுகளில் ஏராளமானவை இதில்தான் செய்யப்படுகின்றன, அதனால் ஒன்றில் கற்ற சாவிகள் பெரும்பாலும் இன்னொன்றிலும் வேலை செய்யும். கண்ட்ரோலை அழுத்திப் பிடித்தால் கதையை வேகமாகத் தள்ளும். டேப் ஒரு தட்டு தட்டினால் தானாகத் தள்ளிக்கொண்டே போகும். எச் அழுத்தினால் எழுத்துப் பெட்டி மறைந்து படம் மட்டும் நிற்கும். மவுஸ் உருளையை மேலே சுற்றினால் கதை பின்னால் போகும்.

வி என்று ஒன்று இருக்கிறது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

படகுக்காரனோடு மழைக்கு ஒதுங்கிய இடம். முக்கியமான கட்டம். ஹெட்போன் காதில்தான் இருந்தது, ஆனால் பின் சரியாகச் செருகவில்லை. தலையணையை நகர்த்தும்போது வி-யில் விரல் பட்டிருக்கிறது. பார்வையற்றவர்களுக்காக எழுத்தை உரக்கப் படிக்கும் வசதி அது. நல்ல வசதிதான். கம்ப்யூட்டர் தன் சொந்தக் குரலில், எழும்பூர் ஸ்டேஷனில் ரயில் எத்தனாவது நடைமேடை என்று அறிவிக்கும் அதே நிதானத்தில், வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னது: "கிஸ் மீ, டாக்டர்."

ஹாலில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அத்தை குரல் கொடுத்தார். "என்னம்மா, ஆஸ்பத்திரியில இருந்து போனா? கட்டு மாத்த வரச் சொல்றாங்களா?"

"இல்ல அத்தை, ராங் நம்பர்."

மறுபடி வி அழுத்தினால் நின்றுவிடும். அது எனக்குத் தெரியவர இன்னும் இரண்டு வசனம் ஆயிற்று.

நவம்பர் 14, வெள்ளி

பின்னால் போகும் வசதியைப் பற்றி. நேற்று முழுக்க ஒவ்வொரு கேள்வியிலும் மூன்று பதில்களையும் போட்டுப் பார்த்து, யார் முகம் மலர்கிறதோ அதை வைத்துக்கொண்டு முன்னேறினேன். படகுக்காரன் ரூட் முடிந்தது. நல்ல முடிவுதான், கல்யாணம்கூட ஆயிற்று. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விடைத்தாளைப் பார்த்து எழுதியவளுக்கு நூற்றுக்கு நூறு வந்தால் என்ன சந்தோஷம் இருக்கும்? அதனால் என் விதி: கை தவறி அழுத்தினால் மட்டும் பின்னால் போவது. விளையாட்டை எழுதியவர்கள் சிலர் கேள்வியைத் தாண்டிய பிறகு பின்னால் போகவே விடமாட்டார்கள். நேற்றுவரை அவர்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது.

வழிகாட்டிக் குறிப்புகளும் அப்படித்தான். முதல் தடவை தொடக்கூடாது. மூன்றாவது தடவையும் ஒரு முடிவு கிடைக்காமல் தலையைப் பிய்த்துக்கொண்டால் பார்க்கலாம்.

இன்னொன்று. வேகமாகத் தள்ளும்போது ஏற்கெனவே படித்ததை மட்டும் தள்ளிவிட்டு, புதிய வரி வந்ததும் தானே நிற்கும். அமைப்புகளில் படிக்காததையும் தள்ளு என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் தொடாதீர்கள். நான் தொட்டேன். ஒரு சாவு வீட்டுக் காட்சி நாலு நொடியில் பறந்துவிட்டது.

நவம்பர் 15, சனி

சேவ் எதற்கு என்று பாடம் எடுக்க 1987-லேயே ஒரு ஆசான் இருந்திருக்கிறார். சியரா நிறுவனத்துக்காக ஆல் லோ செய்த லெஷர் சூட் லாரி என்ற விளையாட்டு. நடுவயது வழுக்கை ஆசாமி ஒருத்தன் ஒரே இரவில் காதல் தேடி ஊர் சுற்றுகிறான். இன்றும் விற்பனையில் இருக்கிறது, வாங்கினேன்.

தொடங்கும்முன் வயதுக்கு வந்தவர்தானா என்று சோதிக்கக் கேள்வி கேட்கிறது. எல்லாம் அந்தக் கால அமெரிக்க விவகாரங்கள். முப்பத்தொரு வயது, கல்யாணமாகி ஐந்து வருஷம், இருந்தும் என்னைச் சின்னப் பிள்ளை என்று வெளியே தள்ளிவிட்டது. ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் கேள்விகளைத் தாண்டலாம் என்று பிறகு தெரிந்தது.

உள்ளே போய் நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கினேன். கார் இடித்துச் சாவு. கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டேன். இந்த விளையாட்டை எழுதியவருக்கு வேளச்சேரி தெரிந்திருக்கிறது. தூரத்து இடத்துக்குப் போக டாக்சிதான் பிடிக்க வேண்டும். சூதாட்டத்தில் பணம் பெருக்க வேண்டும், ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் ஒரு சேவ்.

கடையில் ஆணுறை வாங்கும் இடம்தான் எனக்குப் பிடித்தது. கடைக்காரர் என்ன நிறம், என்ன சுவை, கோடு போட்டதா போடாததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவார், கடைசியில் அத்தனையையும் ஊருக்கே கேட்கும்படி கத்துவார். நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பில் ஒரு வார்த்தை பேசாமல் கருப்புக் கவரில் சுருட்டிக் கொடுப்பதை நினைத்துக்கொண்டேன். அந்தக் கருப்புக் கவரே கத்துவதற்குச் சமம்தான்.

நகைச்சுவையில் பாதி பழசாகிவிட்டது. பெண்களைப் பற்றிய ஜோக்குகள் சிலது சகிக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வீட்டுக்காரர் காலையிலேயே கேட்டார். "நீ ஏதோ விளையாடுறியாமே? எங்க டீம்ல ஒருத்தன் கேக்கறான்."

ஸ்டீமில் நண்பர்களாக இருப்பவர்களுக்கு நாம் என்ன விளையாடுகிறோம் என்று பெயரோடு தெரியும். பழைய கணக்கு, அவர் டீம் ஆட்கள் நாலு பேர் அதில் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. விளையாட்டின் பெயரில் ரைட் கிளிக் செய்து அதைத் தனிப்பட்டதாகக் குறித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. இன்று செய்தேன், ஒரு வாரம் தாமதம். அவர் கோபப்படவில்லை, "எனக்கும் காட்டேன்" என்றார். படகுக்காரனைப் பார்த்துவிட்டு "இவன் என்ன, ஜிம்முக்குப் போறானா, படகு ரிப்பேர் பண்றானா?" என்று கேட்டார். அதோடு சரி.

இதையும் குறித்துவைக்கிறேன். ஸ்டீம் கடையில் வயதுவந்தோர் விளையாட்டுகள் நாமாகப் போய் விருப்பங்களில் திறக்காதவரை கண்ணில் படாது. சிலதைக் கடையில் எல்லா வயதினருக்குமான வடிவில் விற்று, மீதியைத் தனிக் கோப்பாக வெளியிலிருந்து சேர்க்க வைப்பார்கள். 2025 ஜூலையில் கார்டில் பணம் கட்ட வழிசெய்யும் நிறுவனங்களின் நெருக்கடியால் ஸ்டீம் சிலவற்றை எடுத்தது, விளையாட்டு விற்கும் இட்ச் தளமும் வயதுவந்தோர் விளையாட்டுகளைத் தேடலிலிருந்து மறைத்தது. அதற்காக யாரோ டெலிகிராமில் போடும் ஏபிகே-யை, அதாவது போனில் நேராக ஏற்றும் ஆப் கோப்பை, இறக்காதீர்கள். பேங்க் ஆப் இருக்கிற போனில் போய் அதை ஏற்றுவார்களா?

வெளிப்படையான காட்சிகளை அணைத்துவைக்கும் சுவிட்ச் என் விளையாட்டில் இருக்கிறது. அதை எதற்கு இப்போது சொல்கிறேன் என்றால்...

நவம்பர் 18, செவ்வாய்

அத்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "ராங் நம்பர் டாக்டரு என்ன பண்றாரு?" என்று கேட்டுக்கொண்டே முறுக்குத் தட்டோடு வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முதல் காரியமாக அந்தச் சுவிட்சை அணைத்தேன். கதையைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். மதியச் சீரியலை விட்டுவிட்டார்.

ஹோட்டல்காரன் ரூட்டில் நான் மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஐந்தாவது அத்தியாயத்தில் "நீ நல்ல தோழி" என்று சொல்லி அனுப்பிவிடுகிறான். பிடிவாதமாகக் காபியைப் புகழ்ந்துகொண்டே இருக்கிறேன். காலண்டர் தாள்கள் பதினான்கு ஆகிவிட்டன.

அத்தை படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவன் விரல்ல பாரு, மோதிரம் போட்ட தழும்பு. கேளு, பொண்டாட்டி எங்கேன்னு."

அப்படி ஒரு பதில் இருந்தது. மூன்றாவது அத்தியாயத்தில், மூன்று பதில்களில் கடைசி. "உங்கள் விரலில் மோதிரம் இருந்ததா?" நாகரிகமாக இருக்காது என்று நாலு தடவையும் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

19-ம் இடத்தில் சேவ் வைத்தேன். தாளில் "அத்தை சொன்னது" என்று எழுதினேன். அழுத்தினேன். இசை நின்றது. ஹோட்டல்காரன் கல்லாவை விட்டு எழுந்துபோய்க் கடைக்கதவைச் சாத்தினான். நான் பார்க்காத படம், நான் படிக்காத வரி.

சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இரு, இறக்கி வச்சுட்டு வரேன். அதுக்குள்ள எதையும் அமுக்காத."