மாடியிலிருந்து விழுந்த பூனைக்கு ஆறு வாரம்

பால்கனியில் உட்கார்ந்த புறாவைப் பார்த்துத் தாவியது, கீழே போய் விழுந்தது. சென்னை அடுக்குமாடிகளில் புதிதில்லை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பக்கத்து கிளினிக்கிலோ எக்ஸ்ரே எடுத்து, கம்பியோ தகடோ வைத்து அனுப்புவார்கள். இடுப்பெலும்பு அதிகம் விலகாத முறிவு என்றால் ஆபரேஷனே வேண்டாம் என்பதும் உண்டு. எப்படியிருந்தாலும் கடைசியில் சொல்வது ஒரே வரி: "கூண்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்." அந்த வரியில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.

பாவமாக இருக்கிறதே என்று தனி அறையில் விடுவதுதான் வழக்கமான தப்பு. அறையில் கட்டில் இருக்கிறது, ஜன்னல் திட்டு இருக்கிறது, பீரோ இருக்கிறது. பூனை மூன்று காலிலும் தாவும். வலி மருந்து வேலை செய்கிற நேரத்தில் இன்னும் உற்சாகமாகத் தாவும். 36 அங்குல நீளம், 24 அங்குல அகலத்தில் மடக்கு நாய்க்கூண்டு ஒன்று போதும். உயரம் அது நிமிர்ந்து நிற்கிற அளவு இருந்தால் சரி, உள்ளே ஏறி உட்காரும் மேல்தட்டு எதுவும் கூடாது. அடிப்பக்கம் கம்பியாக இருந்தால் விரல் மாட்டும். பிளைவுட் துண்டோ யோகா மேட்டோ போட்டு, மேலே பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து விரியுங்கள். டர்க்கி டவலின் நூலில் நகம் சிக்கும், வேண்டாம். கூண்டில் பாதியைத் துணியால் மூடினால் ஒளிய ஓர் இடம் கிடைத்துப் பூனை அடங்கும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கூண்டு வாங்கினால், சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிளீச்சை ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீரில் கலந்து துடைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். பூனைகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மாதக்கணக்கில் பொருள்களில் தங்கும், வெறும் சோப்புக்குச் சாகாது.

மலஜலத் தட்டின் விளிம்பு இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் இடுப்பு அடிபட்ட பூனையால் ஏற முடியாது. தட்டில் கொட்டும், ஈரம் பட்டால் கட்டியாகும் மண் (கேட் லிட்டர்) தையலில் ஒட்டிக்கொள்ளும். தையல் பிரிக்கும்வரை, அதாவது 10 முதல் 14 நாள், கிழித்த நியூஸ்பேப்பரே மேல்.

எது விட்டாலும் சிறுநீரைக் கணக்குப் பார்ப்பதை விடாதீர்கள். ஒரு நாள் முழுக்கப் போகவில்லை என்றால் அது அவசரம். அடிக்கடி தட்டில் உட்கார்ந்து முக்கி ஒன்றும் வராவிட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். வால் இழுபட்ட பூனைகளுக்கு வாலடி நரம்போடு சிறுநீர்ப்பை நரம்பும் அடிபட்டிருக்கலாம். பை நிரம்பி வழிந்து துணி லேசாக நனைவதைப் பார்த்து, "போகிறதே" என்று நிம்மதியாவதுதான் ஏமாறும் இடம். அப்படியான பூனைக்கு ஒரு நாளில் மூன்று நான்கு முறை பையை அமுக்கி எடுக்க வேண்டும். அதை டாக்டர் கையோடு கை வைத்துக் கற்றுத்தர வேண்டும், வீடியோ பார்த்துச் செய்கிற வேலையில்லை.

மலம் இரண்டு மூன்று நாள் வராவிட்டாலும் சொல்லிவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்குக் கொடுக்கும் பாஸ்பேட் எனிமா பூனையைக் கொன்றுவிடும்.

அதே கடையைப் பற்றி இன்னொன்று. பூனை வலியில் இருக்கிறது, வீட்டில் பாராசிட்டமால் இருக்கிறது என்று பாதி மாத்திரை கொடுப்பது மிகப் பெரிய ஆபத்து. அந்த மருந்தைப் பிரித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜன் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். ஒரே மாத்திரையில் முடிந்துபோகும். இபுபுரூபனும் கூடாது. நாய்க்கு எழுதின மெலாக்சிகாம் வலி மருந்து பாட்டில் மிச்சம் இருந்தாலும் தொடாதீர்கள். நாய்க்கான திரவத்தில் பொதுவாக ஒரு மில்லிக்கு 1.5 மில்லிகிராம், பூனைக்கானதில் 0.5. சொட்டு ஒன்றுதான், மருந்து மூன்று மடங்கு. காயத்துக்கு டெட்டால் ஊற்றுவதும் விஷம்தான், நக்கி உள்ளே போகும். கழுவ உப்புத் தண்ணீர் போதும்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு 9 கிராம் உப்பு.

வலியைக் கத்தலில் தேடாதீர்கள், முகத்தில் தேடுங்கள். கண் இடுங்கும், காது பக்கவாட்டில் சாயும், மீசை விறைக்கும், தலை தோளுக்குக் கீழே தொங்கும். குர்ர் என்கிறதே, சந்தோஷமாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். வலியிலும் குர்ர் என்னும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் மாத்திரைக்குப் பின்னாலேயே 5 மில்லி தண்ணீர் சிரிஞ்சில் கட்டாயம். உணவுக்குழாயில் ஒட்டினால் அங்கேயே புண்ணாகிச் சுருங்கிவிடும். சிரிஞ்சைக் கோரைப் பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் வைத்து அரை மில்லி, அரை மில்லியாக விடுங்கள். தலையை அண்ணாந்து பிடித்தால் நுரையீரலுக்குப் போகும்.

சாப்பாட்டில் ஒரு கணக்கு. நாலு கிலோ பூனைக்குச் சும்மா கிடக்கவே சுமார் 200 கலோரி வேண்டும். நல்ல உலர் தீனியில் ஐம்பது கிராம் சொச்சம். இரண்டு நாள் சாப்பிடாவிட்டால், குறிப்பாகக் குண்டுப் பூனை என்றால், உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படியும். எலும்பு முறிவை விட அது மோசம். பசியைத் தூண்ட வேகவைத்த கோழி, முள் எடுத்த சங்கரா கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்பில் கழுவி எடுத்த துண்டு வேண்டாம், ரத்த அணுக்களை உடைக்கும். கோழியை மட்டுமே ஆறு வாரம் ஓட்டவும் முடியாது, அதில் கால்சியம் மிகக் குறைவு. முழுமையான தீனி சாப்பிடுகிற பூனைக்குத் தனி கால்சியம் சிரப் தேவையில்லை.

கட்டு போட்டிருந்தால் நடுவிரல்கள் இரண்டும் தெரியும்படி விட்டிருப்பார்கள். காலை, மாலை அந்த நகங்களைப் பாருங்கள். சேர்ந்திருந்தவை விலகினால் உள்ளே வீக்கம். நம் ஊர் வேர்வைக்குக் கட்டு ஈரமானால் தோல் அழுகும். நாற்றம் வந்தால் அன்றே போக வேண்டும். ஈ உட்கார்ந்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். கொசுவலையைக் கூண்டின் மேல் போடுவது நல்ல பழக்கம். அக்னி நட்சத்திரத்தில் கூண்டு வெயில் படாத தரையில், மின்விசிறிக்குக் கீழே. தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள்: நிமிடத்துக்கு 30க்கு மேல் தொடர்ந்து போனாலும், வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் உடனே வண்டி எடுங்கள். விழுந்த அதிர்ச்சியில் கிழிந்த உதரவிதானம் முதல் நாளில் தெரியாமல் போவதுண்டு.

உண்மையான சோதனை மூன்றாவது வாரம். பூனை நன்றாக நடக்கும், கூண்டுக் கதவைப் பிராண்டும், இரவு இரண்டு மணிக்குக் கத்தும். வீட்டில் யாராவது ஒருவர் "சரியாயிடுச்சு, விட்டுடலாம்" என்பார். முறிந்த இடத்தில் அப்போது இருப்பது இறுகாத இளம் எலும்பு. ஒரே ஒரு சோபா தாவலில் கம்பி வளையும், மறுபடி ஆபரேஷன். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் எடுக்கிற எக்ஸ்ரேவைப் பார்த்து டாக்டர் சொல்லும்வரை கதவு திறக்கக் கூடாது.

சொன்ன பிறகும் முதல் வாரம் கட்டில் இல்லாத அறையில், நாளுக்கு மூன்று முறை, பத்துப் பத்து நிமிடம். டைல்ஸ் வழுக்கும், பாய் விரியுங்கள். அந்த வாரத்திலேயே பால்கனிக்கு ஆள் கூப்பிட்டு வலை அடித்துவிடுங்கள். புறாவுக்கு அடிக்கிற நைலானைப் பூனை கடித்து ஓட்டை போடும்; ஸ்டீல் வலையாகக் கேளுங்கள்.