வல்லை வெளியில் முன்னால் போனவர்

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளை மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று கேட்டபோது, எங்களுக்கு உயிரியல் படிப்பித்த ஆசிரியர், உயிரியல் சேரைப் பற்றித்தான் எழுதுவேன் என்று உடனேயே சொல்லிவிட்டேன். அவர் போன மார்கழியில் காலமானார். பெயரை இங்கே எழுதவில்லை. தொண்ணூறுகளின் முற்பகுதியில் எங்களோடு உயர்தரம் படித்தவர்களுக்கு "உயிரியல் சேர்" என்றால் போதும்.

அவருடைய முதல் பாடமே வகுப்பறையில் நடக்கவில்லை. 1993ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை காலை, பதினாறு பேர் சைக்கிளில் யாழ்ப்பாணத்துப் புத்தூருக்குப் போனோம். சேரின் பழைய ரலி சைக்கிளில் முன்பாரில் ஒரு குட்டிச் சீற் பூட்டியிருந்தது. அதில் இளைய மகள், பின் கரியரில் மகன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டா வருவார் என்று முதல்நாள் ஆச்சரியப்பட்டோம். பிறகு அவர்கள் இல்லாத பயணம்தான் எங்களுக்குப் புதினமாக இருந்தது.

நிலாவரைக் கிணற்றடியில் பையைத் திறந்து ஒரு போத்தலை எடுத்தார். அடியில் கல் கட்டியிருந்தது. கழுத்தில் ஒரு கயிறு, ஆறடிப் பாகத்துக்கு ஒரு முடிச்சு. வாயை அடைத்திருந்த தக்கையில் இன்னொரு மெல்லிய கயிறு. முதலில் போத்தலை மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்கி, தக்கைக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தார். குமிழி வந்து அடங்கியதும் தூக்கி, தண்ணீரைச் சிரட்டையில் வார்த்துத் தந்தார். நல்ல தண்ணீர். அடுத்த முறை கயிறு முடியுமட்டும் விட்டார். தக்கை லேசில் கழரவில்லை. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தோம். அந்தத் தண்ணீரை வாயில் வைத்ததும் துப்பினோம். ஒரே உப்பு.

"ஒரே கிணறு, ரெண்டு தண்ணி. ஏன்?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரும் அவசரப்படவில்லை, மகளுக்குப் பிஸ்கட் உடைத்துக் கொடுத்துக்கொண்டு காத்திருந்தார். அப்புறம் ஒரு தடியால் மண்ணில் கீறிக் காட்டினார். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளுக்குள்ளால் இறங்கி, அடியில் நிற்கும் கடல்நீருக்கு மேலே ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே உப்பு நாற்பது அடி ஏறும்.

"அப்ப அளவுக்கு மிஞ்சி இறைச்சா என்ன நடக்கும் தம்பி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எங்கள் வெங்காயத் தோட்டத்தில் விடியவிடிய இறைப்பு மிசின் ஓடிய காலம் நினைவுக்கு வந்தது. "கிணறு உவராகும் சேர்" என்றேன். அன்று பின்னேரம் ஐயாவிடம் அதே படத்தை முற்றத்தில் கீறிக் காட்டினேன். ஐயா கனநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தொண்டைமானாற்றுக்குப் போவதென்றால் வல்லை வெளியைக் கடக்க வேண்டும். மரம் மட்டை இல்லாத வெளி. எதிர்க்காற்று என்றால் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும். சேர் எப்போதும் எங்களுக்கு முன்னால் போவார். காற்றை அவர் வாங்கிக்கொள்ள, நாங்கள் அவருக்குப் பின்னால் வரிசையாக மிதிப்போம். மகள் அவருடைய கையில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிடுவாள். அந்தக் கையை அசைக்காமலே அவ்வளவு தூரமும் ஓடுவார்.

ஆறு என்று பெயர் இருந்தாலும் அது கடல்நீரேரி. கரையில் நின்ற கண்ணா மரத்தில் ஆளுக்கொரு இலை பிடுங்கித் தந்து, "நக்கிப் பாருங்கோ" என்றார். உப்புக் கரித்தது. வேர் உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலையால் வெளியே தள்ளுகிறது என்று அன்றைக்கு நாக்கால் படித்தேன். புத்தகத்தில் அது ஒரு வரிதான். மதியம், சேரின் மனைவி அன்ரி வாழையிலையில் கட்டித் தந்த புட்டும் சம்பலும். பதினாறு பேருக்கும் சேர்த்துக் கட்டியிருந்தார். மாவுக்குக்கூட வரிசையில் நின்ற காலம் அது.

அவரிடம் நல்ல தொலைநோக்கி ஒன்று இருந்தது. போர்க்காலத்தில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியில் திரிவது வில்லங்கம் என்று வீட்டில் வைத்துவிட்டார். அதனால் பறவைகளைக் குரலை வைத்தே அறியப் பழக்கினார். கண்ணை மூடச் சொல்லுவார். அது என்ன? புலுனி. இது? செண்பகம். பிழையாகச் சொன்னால் அரைப் புள்ளியும் கிடையாது. "கிட்டத்தட்டச் சரி எண்டு ஒரு பறவை இல்லை" என்பார். அந்தக் கண்டிப்பு எனக்கு அப்போது பிடிக்கவில்லை. இன்று மருந்தகத்தில் ஒவ்வொரு மருந்தின் பெயரையும் இரண்டு தரம் வாசிக்கிறேன் என்றால் அது அவர் போட்ட பழக்கம்.

ரியூட்டரிகள் அவரை ஞாயிறு வகுப்புக்கு விடாமல் கேட்டன. நல்ல காசு. அவர் போகவில்லை. ஞாயிறு வீட்டுக்கு. ஒருமுறை கொப்பி வாங்கப் போனபோது, அடுப்படியில் இருந்து ஒடியல் கூழ் துழாவிக்கொண்டிருந்தார். அன்ரி வாசலில் கதிரை போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்க, வலிகாமமே வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்ததை நம்மவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சேர் இருபது வருடமாகப் பேப்பருக்குள் வைத்து அழுத்திச் சேர்த்த செடிகொடிகள் எல்லாம் ஒரு பெட்டியில் இருந்தன. சைக்கிள் கரியரில் இடம் ஒன்றுதான். அதில் நடக்க முடியாத மாமியாரை இருத்தி, மழைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அவரைக் கண்டபோது, "உங்கட பெட்டி சேர்?" என்று கேட்டேன். "மாமியும் பிள்ளையளும் வந்திட்டினம். செடி மழைக்கு முளைக்கும்" என்றார். அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபோது பெட்டியைக் கறையான் தின்றிருந்தது. அதே மாதம் பழைய பேப்பர் கேட்டு அயல் வீடுகளுக்குப் போயிருக்கிறார்.

2014இல் ஊருக்குப் போனபோது அவரைப் பார்க்கப் போனேன். அன்ரிக்குப் பாரிசவாதம் வந்து பேச்சு நின்றிருந்தது. சேர் வெளியே எங்கும் போவதில்லை. பின்னேரமானால் அன்ரியைக் கதிரையில் இருத்தி முற்றத்து மாமரத்துக்குக் கீழே கொண்டுவருவார். இரண்டு பேருக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது. கதிரைக் கையில் ஒருதரம் தட்டினால் குயில், இரண்டுதரம் தட்டினால் செண்பகம், மூன்றுதரம் தட்டினால் புலுனி.

நான் இருக்கும்போதே வேலிப் பக்கமிருந்து ஒரு குயில் கூவியது. சந்தேகமே இல்லாத குயில். "இஞ்சேரப்பா, அது என்ன?" என்று கேட்டார். அன்ரி கொஞ்சம் யோசித்து, மெதுவாக இரண்டுதரம் தட்டினார்.

சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓமப்பா, செண்பகம்தான்" என்றார்.