280 என்றால் சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

சென்ற செவ்வாய்க்கிழமை இரவு எங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டது. வருத்தப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அதன் கடைசி 'டிக் டிக்' சத்தத்தைக் கேட்டபோது எனக்குள் ஒரு கள்ள மகிழ்ச்சி எட்டிப் பார்த்ததை உங்களிடம் மறைக்க மாட்டேன். இருபது ஆண்டுகளாக இந்த ஒரு நாளுக்காகத்தானே வீட்டுப் படங்களையெல்லாம் டிவிடிகளில் வட்டு வட்டாக எழுதி, தேதி போட்டு, இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன்! மகள் வந்து, "முன்பல் இரண்டும் விழுந்து நான் சிரிக்கிற படம் ஒன்று இருக்குமே அப்பா, அது வேண்டும்" என்றதும், "ஐந்து நிமிடம்" என்றேன். அந்த ஐந்து நிமிடம் ஞாயிற்றுக்கிழமை மாலைதான் முடிந்தது.

முதல் தடங்கல் வட்டில் இல்லை. அதைப் படிக்க வேண்டிய டிரைவில் இருந்தது. இப்போதைய கணினிப் பெட்டி கண்ணாடிக் கதவும் வண்ண விளக்குமாக ஜொலிக்கிறதே தவிர, வட்டை எழுதவும் படிக்கவும் செய்கிற ஒரு டிவிடி ரைட்டரைப் பொருத்த அதில் இடமில்லை. ஆகவே மைத்துனரின் யோசனைப்படி முன்பு வாங்கிய ஒல்லியான யூஎஸ்பி ரைட்டரை எடுத்தேன். வட்டை உள்ளே தள்ளியதும் அது சுழல முயன்றது, பெருமூச்சு விட்டது, நின்றது, மறுபடி முயன்றது. மூட்டுவலிக்காரர் தரையிலிருந்து எழுந்திருக்கப் பார்ப்பதைப் போலிருந்தது. பழைய வகை யூஎஸ்பி துளை 500 மில்லிஆம்பியருக்கு மேல் தரக் கடமைப்பட்டதல்ல. வட்டைச் சுழற்றிக் கிளப்பும் முதல் சில நொடிகளில் மோட்டாருக்கு அது போதாமல் போவதுண்டு. இரண்டு தலை உள்ள கேபிள் இருந்தால் சரியாகிவிடும். எங்களிடம் ஒன்று இருந்தது. அதை யார் எடுத்து எங்கே வைத்தார்கள் என்பது தெரிந்திருந்தால் புதன்கிழமை காலை வீட்டில் ஒரு சண்டை குறைந்திருக்கும்.

பரணில் இருந்து என் பழைய பெரிய ரைட்டரை இறக்கினேன். அந்தக் காலத்தில் நான் ரைட்டர் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்க மாட்டேன், கையில் தூக்கிப் பார்ப்பேன். கனமாக இருந்தால் அதிர்வு குறையும் என்பது என் சித்தாந்தம். கனம் இன்றும் குறையவில்லை, தட்டுதான் வெளியே வர மறுத்தது. உள்ளே தட்டை இழுக்கும் சிறிய ரப்பர் பெல்ட், பரணின் வெயிலில் இறுகி வழுக்கத் தொடங்கிவிட்டது. இப்படிப்பட்ட நெருக்கடிக்காகவே முகப்பில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை வைத்திருப்பார்கள். மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் தன் ஊக்கைக் கழற்றி நீட்டினாள். அதை நிமிர்த்தி உள்ளே விட்டு அழுத்தியதும், தட்டு ஒரு விரற்கடை வெளியே வந்தது. அதன் பட்டைக் கேபிளைப் புதிய கணினியில் செருகுவதற்கான மாற்றியைத் தேடியதில் வியாழனும் வெள்ளியும் போயின.

மாற்றிக்காகக் காத்திருந்த நேரத்தில் மைத்துனர் வந்து சேர்ந்தார். "சிடிக்கு 52 எக்ஸ், டிவிடிக்கு 16 எக்ஸ் என்றால் சிடிதானே அத்தான் வேகம்?" என்று பத்தாண்டுகளுக்கு முன் கேட்ட அதே கேள்வியை அதே முகத்தோடு கேட்டார். சிடியின் ஒரு எக்ஸ் நொடிக்கு 150 கேபி, டிவிடியின் ஒரு எக்ஸ் சுமார் 1.385 எம்பி, ப்ளூ-ரேயின் ஒரு எக்ஸ் 4.5 எம்பி என்று அதே பொறுமையோடு விளக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 16 எக்ஸ் என்று பெட்டியில் போட்டிருப்பது வட்டின் வெளிவிளிம்பில் மட்டும் எட்டுகிற வேகம், உள்வட்டத்தில் ஆறு, ஏழு எக்ஸில்தான் தொடங்கும், ஆகவே 8 எக்ஸில் நிதானமாக எழுதினாலும் கூடுதலாகச் செலவாவது மூன்று நிமிடம்தான் என்றும் சொன்னேன். "அப்படியானால் 1 எக்ஸில் எழுதினால் இன்னும் உறுதியாக இருக்குமே" என்றார். இருக்காது, வேகமாக எழுதுவதற்கென்று, தகவல் பதியும் சாயத்தைக் கலந்த வட்டை மிக மெதுவாக எழுதினால் சில நேரம் பிழைதான் கூடும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் தூங்கிவிட்டார்.

தூங்கியவர் எழுந்தது நான் பிழை வரைபடங்களை விரித்தபோது. எழுதிய ஒவ்வொரு வட்டையும் சோதித்து, அதன் பிழைக் கணக்கை அச்சிட்டுக் கோப்பில் கோத்து வைப்பது என் வழக்கம். நல்ல வட்டில் உட்பிழைகள், அதாவது படிக்கும்போது ரைட்டர் தானே திருத்திக்கொள்ளும் சிறு பிழைகள், சில பத்துகளில் நிற்கும். தரநிர்ணயப்படி வட்டில் அடுத்தடுத்த எட்டுத் தகவல் தொகுதிகளுக்கு 280 வரை போகலாம். "280ஆ!" என்று அலறியவர், "சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?" என்றார். என் சொந்தச் சர்க்கரை அளவு எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று மனைவி அப்போது கேட்டது நியாயமான கேள்வியே. அந்தக் காகிதம் இன்றுவரை கிடைக்கவில்லை. 2008 ஏப்ரலில் எழுதிய 14ஆம் எண் வட்டின் உச்சப் பிழை 22 என்பதை மட்டும் எந்த நேரத்திலும் காட்டுவேன்.

வட்டுத் தேர்விலும் நான் சும்மா இருந்ததில்லை. பெட்டியில் ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே வெவ்வேறு தொழிற்சாலைச் சரக்கு இருக்கும் என்பதால், முதலில் ஒரே ஒரு வட்டை வாங்கி வந்து, அதற்குள் பொறித்திருக்கும் தயாரிப்பாளர் குறியீட்டைக் கணினியில் படித்து, பிடித்திருந்தால் திரும்பப் போய் மிச்சத்தை அள்ளி வருவேன். 'டி.ஒய்.ஜி.03' என்று கண்டால் தெய்வ தரிசனம். அந்தக் குறியீட்டுக்குரிய ஜப்பானிய தையோ யூடன் நிறுவனம் 2015இல் வட்டுத் தயாரிப்பையே கைவிட்டபோது நான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அதை வீட்டில் யாரும் கவனிக்கவும் இல்லை. ஆயிரம் ஆண்டு தாங்கும் என்ற அறிவிப்போடு விற்ற எம்-டிஸ்க் வட்டு என் கைக்கு வந்தபோது உற்சாகம் திரும்பியது. ஆயிரம் ஆண்டு வட்டைக் கொண்டுவந்த மில்லெனியாட்டா 2016இலேயே திவாலானது. 2025 பிப்ரவரியில் சோனியும் எழுதக்கூடிய ப்ளூ-ரே வட்டுகளின் தயாரிப்பை நிறுத்தியபோது, "இந்த முறையும் இரண்டு நாளா?" என்று மகள் கேட்டாள். கவனித்துத்தான் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை இரவு மாற்றி வந்து சேர, பல் விழுந்த ஆண்டின் வட்டை எடுத்தேன். என் விதிப்படி எதற்கும் இரண்டு பிரதி, இரண்டு வேறு தொழிற்சாலை வட்டுகளில். முதல் பிரதிக்கு அழகாக அச்சிட்ட வட்டக் காகிதம் ஒட்டியிருந்தேன். அன்று அது குடும்பமே மெச்சிய வேலைப்பாடு. பதினேழு ஆண்டுகளில் அந்தக் காகிதம் ஒரு பக்கம் சுருங்கி வட்டையே லேசாக வளைத்திருந்தது. சுழலத் தொடங்கியதும் ரைட்டர் அதிர்ந்த அதிர்ச்சியில் மேசையில் இருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. ரைட்டர் கனமானதாயிற்றே என்று ஒரு கணம் பெருமைப்பட்டுவிட்டு வட்டை வெளியே எடுத்தேன், மறுபடி ஊக்கால்.

இரண்டாம் பிரதியில் காகிதம் இல்லை. ஆனால் அது நான் புத்தி கற்பதற்கு முந்தைய வட்டு. நிறைகுடம் தளும்பாது என்று நினைத்து, 4.7 ஜிபி என்று பெட்டி சொல்லிக் கணினி 4.38 என்று காட்டும் இடத்தைக் கடைசிச் சொட்டு வரை நிரப்பியிருந்தேன். ஓரத்துக்குப் போகப் போகத்தான் வட்டில் வளைவும் கைரேகையும் பிழையும் சேரும் என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். கோப்புறைகள் அகர வரிசையில் பதிவாகியிருந்ததால், 'விடுமுறை' என்று பெயரிட்ட கோப்புறை மிகச் சரியாக வெளிவிளிம்பில் போய் உட்கார்ந்திருந்தது. அதற்கு 'அவசியம்' என்று பெயர் வைத்திருக்கலாம். ரைட்டர் தன் வேகத்தை 16இலிருந்து எட்டுக்கும், எட்டிலிருந்து நாலுக்கும் இறக்கி, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தபடி விடிய விடிய முனகியது. நானும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நான் இருந்ததால் அது படித்ததா என்பது வேறு விஷயம்.

ஞாயிறு மாலை படம் கிடைத்தது. கீழே கால்பங்கு சாம்பல் நிறப் பட்டையாகிவிட்டது. மேலே இருக்க வேண்டியதெல்லாம் இருந்தது. இரண்டு பல் போன இடத்தைக் கொஞ்சமும் மறைக்காமல் வாய்கொள்ளாமல் சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால், எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி, ஒரு வட்டை இரு விரல்களால் விளிம்பில் பிடித்து, டியூப் லைட்டை நோக்கி உயர்த்தி, ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார்.

"உங்களையும் படத்துக்கு மூன்று முறை கூப்பிட்டேன்" என்றாள் மனைவி.

மகள் படத்தைப் பெரிதாக்கினாள். என் முதுகு திரை முழுவதும் வந்தது. சட்டை எனக்கு நினைவிருக்கிறது; மனைவி மூன்று முறை கூப்பிட்டது நினைவில்லை. சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மகள், "கையில் இருப்பது எந்த வட்டு அப்பா?" என்று கேட்டாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் கேட்டாள் என்பது புரிந்தது. ஆனால் விளக்கொளியில் தெரிந்த அந்த ஊதாச் சாயலைப் பார்த்ததும் எனக்கு ஓரளவு தெரிந்துவிட்டது. 11ஆம் எண்ணாகவோ 12ஆகவோ இருக்க வேண்டும், கோப்பில் வரைபடம் இருக்கும், அலமாரியில் வட்டும் இருக்கும், ஒரு ஐந்து நிமிடம் கொடுத்தால் எடுத்துவிடலாம்.

நான் எழுந்திருப்பதற்குள் மனைவி கையை நீட்டி, ஊக்கைத் திரும்பக் கேட்டாள்.